ஞாயிற்றுக்கிழமை உரசியது, திங்கட்கிழமை எரிந்தது

டேனி,

“அம்மா, சனிக்கிழமை காலைல படப்பையிலேர்ந்து ஒருத்தர் வண்டி பார்க்க வர்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வந்து அந்த லைட்டை அழிச்சு வைக்கிறேன். அதுவரைக்கும் நீ வண்டியத் தொடாத, ப்ளீஸ்.”

திங்கட்கிழமை மதியம் நீ அனுப்பிய செய்தி இது. பள்ளி நூலகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு மறுபடியும் எடுத்துப் படித்தேன். மூன்றே வாக்கியங்கள். என் பெயரில் இருக்கும் வண்டியை விற்க என்னைக் கேட்காமல் ஆள் பார்த்திருக்கிறாய். பழுதைச் சரிசெய்யாமல், பழுதைக் காட்டும் விளக்கை மட்டும் அழித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு மனிதர் தலையில் அதைக் கட்டப் பார்க்கிறாய். இந்த இரண்டையும்கூட ஒரு நாள் கோபமாக முடித்திருப்பேன். ‘தொடாத’ என்று எழுதினாயே, அதுதான் போகவில்லை. தவழும் பிள்ளையை அடுப்புப் பக்கம் போகவிடாமல் இழுப்பதுபோல எழுதியிருந்தாய். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் வாங்கிய வண்டி அது. நான் ஓட்டிய வண்டி.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். அப்பா படிக்கலாம், பிரியா படிக்கலாம், உன் கல்யாண நாள் விருந்துக்கு வந்து சிரித்துவிட்டுப் போன அத்தனை பேரும் படிக்கலாம். என்மேல் நீ போட்ட பழி நாலு பேர் நடுவில் போட்டது. அதை உன் காதில் மட்டும் சொல்லித் திருப்பித் தர எனக்கு விருப்பமில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பயிற்சிப் பள்ளியில் என்னோடு வந்தவர்கள் எல்லாரும் உன் வயதுப் பிள்ளைகள். அவர்கள் கையை வீசிக்கொண்டு வருவார்கள், நான் நோட்டுப் புத்தகத்தோடு போவேன். ‘முதல் கியர்: கிளட்சை மெதுவாக விடு, வண்டி நடுங்கும் இடத்தைக் காலால் தெரிந்துகொள்’ என்று எழுதி வைத்திருப்பேன். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, “மேடம், இதுல பரீட்சை எழுத முடியாது, ஓட்டத்தான் முடியும்” என்று சொன்னார். சிரித்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி வந்த அன்று அதனோடு கொடுத்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். உனக்கு நினைவிருக்கும், ஸ்டெப்னியை மாற்றும் பகுதியை உனக்கும் அப்பாவுக்கும் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா தட்டோடு எழுந்து போய்விட்டார். நீ மட்டும் உட்கார்ந்து கேட்டாய். அப்போது நீ பிளஸ் ஒன்.

பத்து வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய வண்டியில் இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. சின்ன இன்ஜின் படம் போட்ட விளக்கு. முடிச்சூரிலிருந்து சேலையூர் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தாம்பரம் மேம்பாலத்தின் மேல். நான் பதறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் புரட்டினேன். விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும், மின்னினால் உடனே நிறுத்த வேண்டும் என்று இருந்தது. நிலையாகத்தான் எரிந்தது. உன்னிடம் சொன்னேன். நீ பெருங்களத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உன் நண்பன் கார்த்தியிடம் கொண்டுபோனாய். அவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, சைலன்சர் பைப்பில் இருக்கும் இரண்டாவது சென்சார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று மாட்டினான். மூன்று வாரம் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொரு சென்சார் மாட்டினான். அதுவும் எரிந்தது. மூன்றாவது முறை அவன் வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“ஆன்ட்டி, வண்டிய யாரு டெய்லி ஓட்றது?”

“நான்தான்பா.”

“அப்ப அதான். ஹாஃப் கிளட்ச்லயே ஓட்றீங்க ஆன்ட்டி. லேடீஸ் எல்லாருமே அப்படித்தான். கிளட்ச் மேலேர்ந்து காலையே எடுக்க மாட்டாங்க. இன்ஜினுக்கு லோடு ஏறி லைட்டு வருது.”

நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். கிளட்சுக்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு அன்றே சந்தேகம். புகை சம்பந்தப்பட்ட சென்சார் என்று அவனே சொன்னான், பிறகு என் காலைக் குறை சொன்னான். நான் கேட்க வாயெடுத்தேன். “அம்மா, அவனுக்குத் தெரியும்மா, நீ சும்மா இரு” என்றாய். நான் சும்மா இருந்தேன். என்மேலேயே எனக்கு முதல் கோபம் அங்கேதான். பிறகு நீ கைப்பேசியோடு இணைக்கிற அந்தச் சிறிய கருவியை வாங்கி வந்தாய். விளக்கு எரியும், நீ செருகுவாய், விளக்கு அணையும். பல் துலக்குவதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

உன் முதல் கல்யாண நாளுக்கு வீட்டில் முப்பது பேர். பிரியாணி தட்டோடு கூடத்தில் நின்றுகொண்டு நீ சொன்னாய்: “எங்க வண்டிக்கு ஸ்கேனரே வேணாம். அம்மா ஏறினா லைட் எரியும், அம்மா இறங்கினா அணையும்.” எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமனார், “சம்பந்தியம்மா பவர்ஃபுல்தான் போங்க!” என்றார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நாள் சாவியைக் கொக்கியில் மாட்டினேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் அதை எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் தாம்பரம், படியேறி இறங்கி ஸ்டேஷனைக் கடந்து கிழக்குப் பக்கம், அங்கிருந்து பேருந்து. ஐம்பத்தைந்து வயதில், இரண்டு பை நிறையப் புத்தகத்தோடு. ஒருநாளாவது “ஏம்மா வண்டி எடுக்கல?” என்று கேட்டாயா? நிம்மதியாக இருந்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று, நான் ஓட்டுவதை நிறுத்தியபிறகும் விளக்கு எரிந்தது. வண்டி வீட்டைவிட்டு வெளியே வருவதே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத்தான், அதையும் எப்போதும்போல நீதான் ஓட்டினாய். அப்படியும் எரிந்தது. கேட்டேன். “நீ இத்தனை வருஷம் ஓட்டினதோட மிச்சம்மா” என்றாய். பதில் தயாராகவே இருந்தது உன்னிடம்.

மூன்று வாரம் முன்பு நீயும் பிரியாவும் சிறுசேரி ஃபிளாட்டுக்குப் போனீர்கள். புது வண்டி வாங்கிக்கொண்டாய், சந்தோஷம். இது போர்ட்டிகோவில் தூசி படிந்து நின்றது. உன் செய்தியைப் படித்த அன்று மாலை, வண்டிக்குள் இருந்த என் பழைய நோட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். பெட்ரோல் போட்ட நாள், காற்று அடித்த நாள், விளக்கு எரிந்த நாள், அன்று மழையா வெயிலா, எந்தச் சாலை என்று எல்லாம் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும், அதைக் கேலி செய்ததும் நீதான். மழை நாள் என்று ஒரு காரணம் வைத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பெட்ரோல் பங்க் மாறியதோ என்று பார்த்தேன், இல்லை. கிழமையைப் பார்த்தேன். விளக்கு எரிந்த நாட்கள் ஏறக்குறைய எல்லாமே திங்கட்கிழமை மாலை. ஒன்றிரண்டு செவ்வாய். வியாழன், வெள்ளியில் ஒன்றுகூட இல்லை. என் கால் திங்கட்கிழமை மட்டும் கெட்டுப்போகுமா டேனி?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கொக்கியிலிருந்து சாவியை எடுத்தேன். ஆறு மாதம் கழித்து. கேட்டுக்கு வெளியே வருவதற்குள் இரண்டு முறை நிறுத்திவிட்டேன், அதை ஒளிக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. கார்த்தியிடம் போகவில்லை. இரும்புலியூரில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை மட்டும் பார்க்கிற சலீம் பாயிடம் போனேன். அவருக்கு என் வயது இருக்கும். நோட்டை நீட்டினேன்.

“இன்னா மேடம் இது, வண்டிக்கு ஜாதகமா? கொஞ்சம் இருங்க, கண்ணாடி போட்டுக்கினு வர்றேன்.”

கண்ணாடி போட்டு, நின்றபடியே நாலு பக்கம் படித்தார். கேலி செய்யவில்லை. “திங்ககெயமை, திங்ககெயமை, திங்ககெயமை…” என்று விரலால் தட்டிக்கொண்டே போனார். பிறகு ஸ்கேனர் போட்டார். கார்த்தி சொன்ன அதே சென்சார்தான் வந்தது. “ரெண்டு தபா மாத்திட்டாங்க பாய்” என்றேன். “மாத்தினது சென்சாரு. அதுக்குப் போற ஒயரு எவன் பார்த்தான்?” என்றவர், வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஒரு சாக்கை விரித்து உள்ளே போனார். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“மேடம், உங்க வூடு கொஞ்சம் இங்க கீது.”

“என்ன பாய்?”

“சைலன்சர் பைப்பு மேல சிமெண்டு ஒட்டிகினு கீது. வந்து பாருங்க.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். குழாயின் அடியில் வெள்ளையாக உரசிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் சென்சார் ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து, ஒயர் தொங்கியது. அவர் அதை இரண்டு விரலால் வளைத்தார். “மேல தோலு முழுசா கீது பாருங்க. உள்ள கம்பி அறுந்து கீது. இடிச்சா பிரியும், குழியில தூக்கிப் போட்டா ஒட்டும். இந்த மாதிரி பேஜாரு புடிச்ச ஒயர எந்தச் சென்சாரு மாத்தியும் சரி பண்ண முடியாது.”

“கிளட்சுக்கும் இதுக்கும்…?”

“கிளட்சா? அது எங்கயோ கீது, இது எங்கயோ கீது! எவன் சொன்னான்?”

யார் என்று நான் சொல்லவில்லை. என் கோபத்துக்கு அவன் போதாது. அப்புறம் திங்கட்கிழமை ஏன் என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார், நான் அப்படியே நோட்டில் எழுதினேன். “ஒரு ஓட்டத்துல தப்பு தெரிஞ்சா கம்ப்யூட்டர் உடனே லைட்டு போடாது மேடம். மனசுல வெச்சுக்கும். அடுத்த ஓட்டத்துலயும் அதே தப்பு தெரிஞ்சாத்தான் போடும். ஞாயித்துக்கெயமை வூட்டுக்குள்ள ஏத்தும்போது இடிச்சுட்டு வண்டிய ஆஃப் பண்ணிட்டாங்கன்னு வைங்க. திங்ககெயமை காலைல நீங்க எடுக்கறீங்க, அது பாக்குது. சாய்ங்காலம் திரும்பி வர்றீங்க, மறுபடி பாக்குது, லைட்டு போடுது. இடிச்சது ஒருத்தர், லைட்டு வந்தது உங்க கையில.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஞாயித்துக்கெயமை யாரு மேடம் ஓட்றது?” என்றார்.

“என் பையன்.”

அவர் வேறு பக்கம் திரும்பி ஸ்பானரைத் தேடினார். நல்ல மனிதர்.

ஒயரை ஒட்டி, உறை போட்டு, குழாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, நான் கேட்டுக்கொண்டதால் வீட்டுக்கும் வந்தார். நம் வீட்டுச் சரிவை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறும் அந்தச் சிமெண்டுச் சரிவு கூரையைப்போல நிற்கும், உச்சியில் ஒரு முனை. நான் தனியாக ஏற்றினேன், சத்தமே இல்லை. அப்பாவை முன்னால் உட்கார வைத்து, அவர் ஆராதனைக்குக் கொண்டுபோகும் கீபோர்டையும் ஸ்பீக்கர் பெட்டியையும் டிக்கியில் ஏற்றி, சலீம் பாயைப் பின்னால் உட்கார வைத்து மறுபடி ஏற்றினேன். உச்சியில் ‘கர்ர்ரக்’ என்றது. எதிர் வீட்டு சுசீலா அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சிஸ்டர், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதானே? இந்தச் சத்தம் ஞாயித்துக்கிழமைதானே வரும்?”

தெருவுக்கே தெரிந்திருக்கிறது டேனி! ஞாயிற்றுக்கிழமைதோறும் பின் சீட்டில் உட்கார்ந்து நானும் அதைக் கேட்டிருக்கிறேன். “என்ன சத்தம்டா அது?” என்று கேட்டிருக்கிறேன். “கேட் சத்தம்மா, தரையில இழுக்குது” என்று சொன்னது யார்? அதை நம்பி வெல்டிங்காரரைக் கூப்பிட்டு, கேட்டின் அடியை அறுத்துத் தேய்க்கச் சொன்னேன். அடுத்த வாரமும் சத்தம் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். “இதுக்கு மேல தேய்ச்சா கேட்டே இருக்காதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். இப்போது அந்த இடைவெளி வழியாகத் தெருநாய் உள்ளே வருகிறது. என்னை வெல்டிங்காரரோடு வாதாட விட்டுவிட்டு நீ உள்ளே கிரிக்கெட் பார்த்தாய்.

ஒருவேளை உனக்கும் தெரியாமல் இருந்திருக்குமோ என்று ஒரு மணி நேரம் நினைத்துப் பார்த்தேன். அப்படி இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். பிறகு பிரியாவுக்குப் போன் செய்தேன். கேட்டைத் திறக்க ஒவ்வொரு ஞாயிறும் முன்னால் இறங்கி நிற்பவள் அவள்தானே.

“அத்தை… அடியில இடிக்கறத நான் பார்த்தேன். கல்யாணமாகி ரெண்டாவது மாசமே அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“தெரியும்னார். ராம்ப் அம்மா கட்டினது, அதைக் குறை சொன்னா சண்டை வரும், நீ எதுவும் சொல்லாதன்னார். சாரி அத்தை. அன்னிக்கு லஞ்ச்ல எல்லாரும் சிரிச்சப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.”

அவளைத் திட்டாதே. அவள் உண்மையைச் சொன்னதற்காக நீ அவளிடம் முகத்தைத் தூக்கினாய் என்று தெரிந்தால், இந்தக் கடிதத்தைவிடப் பெரியதாக இன்னொன்று வரும்.

ஆம், சரிவு நான் கட்டியது. விளக்கு முதலில் எரிவதற்குக் கொஞ்சம் முன் வந்த வெள்ளத்தில் அலமாரியின் கடைசித் தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போனபிறகு, இனி ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது என்று போர்ட்டிகோவை உயர்த்தச் சொன்னேன். கொத்தனார் அளந்து காட்டியதற்கு மேல் இன்னும் ஒரு சாண் ஏற்று என்றேன். “வண்டி அடி தட்டும்மா” என்று அவர் சொன்னார். “சொன்னதைச் செய்யுங்க” என்றேன். அந்த ஒரு சாண் என் பிடிவாதம். அதைச் சொன்னால் நான் சண்டை போட்டிருப்பேன் என்பதும் உண்மை. இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பாத்திரத்தை ஓங்கி வைத்திருப்பேன். மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பேன். அந்த இரண்டு நாளுக்குப் பயந்துகொண்டு என் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டாயே! சண்டை வந்திருக்கட்டுமே. சண்டையில் நான் தோற்றிருப்பேன். தோற்றாலும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

புதன்கிழமை முழுவதும் இந்தக் கோபத்தோடுதான் திரிந்தேன். இந்தப் பிள்ளை இதை எங்கே கற்றுக்கொண்டது என்று அப்பாவிடம் கத்தினேன். குளியலறைக்குப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். போட்ட கை அப்படியே நின்றது.

நீ ஏழாம் வகுப்பு. கனகா அக்கா நம் வீட்டில் வேலை பார்த்தாள். ஒருநாள் காலை நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து பள்ளிக்குப் போனேன். தொட்டி வழிந்து, கீழே கிணறு வற்றி, மோட்டார் காற்றை இழுத்து எரிந்துபோனது. மதியம் வேலைக்கு வந்தவள் கனகா. மாலையில் நாம் வந்து பார்க்கும்போது வீட்டில் இருந்தவளும் அவள்தான். “மோட்டாரப் போட்டுட்டுப் போயிட்டியா கனகா?” என்று அப்பா கேட்டார். “நான் தொடவே இல்ல சார்” என்றாள். நீ என்னைப் பார்த்து, “அம்மா, காலைல நீதானே…” என்று ஆரம்பித்தாய். நான் உன்னை ஒரு பார்வை பார்த்தேன். நீ வாயை மூடிக்கொண்டாய். மறுவாரத்திலிருந்து அவள் வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அந்தப் பார்வையால்தான் நீ பிரியாவைப் பார்த்திருக்கிறாய்.

இன்று, வியாழக்கிழமை, பள்ளி முடிந்து நேராகக் கனகாவைத் தேடி அனகாபுத்தூருக்கு வண்டியை விட்டேன். ஆற்றோரச் சந்துகளில் இரண்டு முறை வழி தவறி, பின்னால் எடுத்து, பைக்கில் வந்த ஒருவனிடம் திட்டு வாங்கி, கடைசியில் கண்டுபிடித்தேன். இப்போது இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு, “டீச்சரம்மா! நீங்களா? நீங்களேவா ஓட்டிகினு வந்தீங்க?” என்றாள். உட்காரச் சொன்னாள். உட்காராமல் சொன்னேன். அன்றைக்கு மோட்டாரைப் போட்டது நான், அது எனக்கு அன்றே தெரியும் என்று.

“எனக்கும் அன்னிக்கே தெரியும்மா. காலைல அந்தத் தெருவுல வேற வூட்டு வேலைக்கு வந்தப்பவே பார்த்தேன், உங்க வூட்டுத் தண்ணி ரோட்ல ஓடிகினு இருந்துது. உங்க வூட்டுக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே.”

“ஏன் கனகா சொல்லல?”

“சொன்னேனே. தொடலன்னு சொன்னேனே. அதுக்கு மேல இன்னா சொல்றது? நீங்க நிறுத்தினதும் அந்தத் தெருவுல இன்னும் ரெண்டு வூட்ல நிறுத்திட்டாங்க. அத்த நீங்க கேக்கவே இல்லயே.” ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். “சரி, சொல்லிட்டீங்க. யாரு எதிர்ல சொன்னீங்க? இங்க நானும் கிரைண்டரும்தான் இருக்கோம். உங்க பையன் பார்த்துகினு நின்னுதே அன்னிக்கு. அதுக்குச் சொன்னீங்களா?”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். டேனி, மோட்டாரைப் போட்டது நான். கனகா இல்லை. நீ அன்றைக்குச் சரியாகச் சொன்னாய், நான் உன் வாயை அடைத்தேன். இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் முன்னால்தான் அவளை அனுப்பினேன். இதை எழுதுவதால் உன்மேல் உள்ள கோபம் ஒரு துளியும் குறையவில்லை. என்னிடம் கற்றாய் என்பது எனக்குத்தான் வெட்கம், உனக்கு அது சாக்கு ஆகாது. உனக்கு இருபத்தொன்பது வயது.

இனி செய்ய வேண்டியதைக் கேள். படப்பைக்காரரை இன்றே கூப்பிட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல். வெள்ளிக்கிழமை அந்தக் கருவியோடு வர வேண்டாம், அழிக்க அங்கே விளக்கு எதுவும் எரியவில்லை. மூன்று நாளாக ஓட்டுகிறேன். சரிவின் உச்சியை உடைத்து அந்த ஒரு சாணைக் குறைக்க அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். புத்தகங்களைக் கடைசித் தட்டிலிருந்து மேலே ஏற்றிவிட்டேன், அதை அன்றே செய்திருக்கலாம்.

சனிக்கிழமை நீயும் பிரியாவும் உங்கள் புது வண்டியை விட்டுவிட்டு, வண்டலூர் வழியாகப் பேருந்தில் வாருங்கள். தாம்பரம் மேற்கில் பதினோரு மணிக்கு நான் வண்டியோடு நிற்பேன். பிரியா முன் சீட்டில் உட்காருவாள், நீ பின்னால். கார்த்தியையும் உன் மாமனாரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். தட்டைக் கையில் எடுப்பதற்கு முன் நீ சொல்ல வேண்டியதைச் சொல்வாய். அன்றைக்குச் சொன்ன அளவுக்கே சத்தமாக.

வீடு வந்ததும் நீ இறங்கிக் கேட்டைத் திற. இத்தனை நாள் பிரியா நின்ற இடத்தில் நின்று, குனிந்து வண்டியின் அடியைப் பார். நான் மெதுவாக ஏற்றுவேன். அந்தச் சரிவில் ஏற ஹாஃப் கிளட்ச் வேண்டும், டேனி. அதை அங்கே மட்டும்தான் பிடிப்பேன், நன்றாகவே பிடிப்பேன். பார்த்துக்கொண்டே நில்.

அம்மா